ஆடு ஏறாத மாடி

திங்கள்
சிங்கப்பூர் டாங்ளின் ஹால்ட்டில் எங்கள் பழைய புளோக்கைச் சுற்றித் தகரவேலி அடித்துவிட்டார்களாம். 31 புளோக்குகளை எடுக்கப்போவதாக 2014-லேயே சொன்னதுதான். பேத்திக்குப் பள்ளியில் ஒப்படைப்பு. "கம்பத்து வாழ்க்கை ரொம்ப இனிமையாமே, பாட்டி?" என்கிறாள். வாளிக் கக்கூஸை அவள் பார்த்ததில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்
தண்டவாளத்தை ஒட்டிய கம்பத்தில் அத்தாப்பு ஓலை வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் தினக்கூலி; அம்மாவுக்கு ஆடுகள். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ ஸ்வீயில் பிடித்த தீ, ஏறக்குறைய 16,000 பேரைத் தெருவில் நிறுத்தியது. அன்றிரவு எங்கள் கம்பத்தில் அடுப்பு மூட்டவே பயந்தார்கள். மறுவாரமே அப்பா வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு மனுப்போட்டார்.

வெள்ளைக்காரன் காலத்து வீட்டு அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியது 23,000 வீடுதான். 1960-ல் வந்த வீவக முதல் ஐந்தாண்டிலேயே 54,000 கட்டியது. அந்த வேகத்தில் ஒருத்தியின் ஆட்டுக்கு யார் இடம் யோசிப்பார்கள்?

புதன்
ஈரறை வீடு, மாதம் 40 வெள்ளி. வந்த அன்று அப்பா விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். நான் கழிவறைச் சங்கிலியை இழுத்து இழுத்து அடிவாங்கினேன். அம்மா மட்டும் வாசலிலேயே நின்றாள். ஆடுகளைக் கம்பத்திலேயே விற்றுவிட்டு வந்திருந்தோம். மளிகையும் சீட்டுப் பணமும் அந்தப் பாலில்தான் நடந்தன. கம்பத்தில் நிலக்காரர் பொறுத்துக்கொள்வார்; "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று ஒரு காப்பியோடு போய்விடுவார். புளோக்கில் அது செல்லாது. மழை பெய்தால் கப்பலில் சரக்கு இறங்காது, அப்பாவுக்குக் கூலி இல்லை; வாடகைக்கு மழையும் வெயிலும் ஒன்று. தவறினால் கடிதம் வரும். அதைப் படித்துச் சொல்வது என் வேலை.

அப்பாவிடம் வீட்டைக் குறைசொன்னால் கோபம் வரும். "கூரை ஒழுகுதா? தீப்பிடிக்குதா?" என்பார். அவர் சொன்னதும் சரி, அம்மாவின் ஆத்திரமும் சரி. இன்று கம்பத்தைக் கொண்டாடுகிறவர்களும் வீவகவைக் கொண்டாடுகிறவர்களும் ஆளுக்கொரு பாதியைத்தான் சொல்கிறார்கள்.

வியாழன்
அந்தக் காலத்தில் புளோக்கின் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. மூட்டுவலி என்று இன்று இவ்வளவுதான்.

வெள்ளி
குவீன்ஸ்வே முனீஸ்வரன், ரயில்வேத் தொழிலாளர்கள் 1932-ல் வைத்த சாமி. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அங்கே போய் வாடகைக்கணக்கை ஒப்பிப்பாள். அவர் வழி காட்டினாரோ என்னவோ, விடியற்காலையில் இடியாப்பம் அவிக்கத் தொடங்கினாள். தாழ்வாரத்தில் கூடையோடு நடந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது கதவு. கம்பத்தில் இத்தனை வாசலுக்குச் சேற்றில் அரை நாள் நடக்க வேண்டும். எதிர்வீட்டுச் சீனத்தியிடம் உடைந்த மலாயில் பேரம், தேங்காய்ப்பூ கூடக் கேட்டால் சண்டை.

1964-ல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது, முதலில் எங்கள் வட்டாரமான குவீன்ஸ்டவுனில்தான். அப்பாவுக்குக் கடன் என்றாலே நடுக்கம். சில வருஷம் இழுத்தடித்தார். அம்மா மாவு டின்னைத் தரையில் கவிழ்த்துக் காசை எண்ணச் சொன்னாள். பக்கத்து புளோக்கில் மூவறை வீடு வாங்கினோம். பத்திரத்தில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கைநாட்டு வைத்துவிட்டுத்தான் வந்தாள்.