ரீஸ்டோர் பண்ணிப் பாத்தியா?

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது ஒரே வேலை. முந்தின நாள் இரவு எடுத்த பேக்கப்பை மூலையில் கிடந்த பழைய மெஷினில் ரீஸ்டோர் செய்ய வேண்டும். ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரிசை வந்திருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். காகித நோட்டுதான், கோடு போட்டது.

கோயம்புத்தூரில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சின்ன அலுவலகம் அது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதைக் கட்டிக்காத்தவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரியில் நார்மலைசேஷனை ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவனைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் கடைசி இரண்டு டேபிள்களில் ஒரு வரிசைகூட வரவில்லை. பேக்கப் வெற்றி என்று இரவே மெயில் வந்திருந்தது. அண்ணன் ஸ்கிரிப்டைத் திறந்து காட்டினார். டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் தருவதை நேராக ஜிஜிப்புக்குள் விடும் ஒற்றை வரி. டம்ப் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. ஆனால் ஷெல், பைப்பின் கடைசியில் இருப்பவன் ஒழுங்காக முடித்தானா என்று மட்டும்தான் பார்க்கும். ஜிஜிப் கைக்கு வந்தவரை ஒழுங்காகச் சுருக்கி முடித்துவிட்டது. பைப்பில் யார் தோற்றாலும் தோல்வி என்றே சொல்லவைக்கும் பைப்ஃபெயில் என்ற அமைப்பை அன்றே ஸ்கிரிப்டில் சேர்த்தோம்.

"பேக்கப் இருக்குன்னு சொல்லாதே தம்பி. ரீஸ்டோர் பண்ணிப் பாத்தியா, அதைச் சொல்லு" என்றார். கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததையும் அப்போதுதான் சொன்னார். களைத்துப்போன பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால், போஸ்ட்கிரெஸ் 9.6 சர்வருக்கு 9.2 பதிப்பு பிஜி டம்பை ஓடவிட்டதால் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மெயில்களை மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பியிருக்கிறது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

அதன் பிறகுதான் உண்மையான டேட்டாவில் கை வைக்க விட்டார். அதற்கும் ஒரு சடங்கு உண்டு. அப்டேட் எழுதும் முன், அதே வேர் (WHERE) நிபந்தனையோடு செலக்ட் போட்டு வரிசைகளை எண்ணிக்கொள். பிகின் போட்டு டிரான்சாக்‌ஷனைத் திற. பிறகு அப்டேட். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் கமிட் போட்டு உறுதிசெய். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் ரோல்பேக் போட்டுப் பழையபடி ஆக்கு. டெலீட் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க எக்ஸ்பிளெயின் அனலைஸ் போடப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். வெறும் எக்ஸ்பிளெயின் திட்டத்தைச் சொல்வதோடு சரி. அனலைஸ் சேர்த்தால் நிஜமாகவே அழித்துவிட்டுத்தான் நேரம் சொல்லும்.

2025 செப்டம்பர் 22, திங்கள். அன்று முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதுவரை 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12. மற்ற கடைகளுக்கெல்லாம் முந்தின இரவே வரி விகிதத்தை மாற்றியாகிவிட்டது, ஒரு கடை மட்டும் விட்டுப்போயிருந்தது. அதை மாற்ற நான் உட்கார்ந்தேன். செலக்டில் 412 வரிசை, அப்டேட்டிலும் 412. பூரிப்பாக இருந்தது. அந்தப் பூரிப்போடு சாப்பிடக் கிளம்பிவிட்டேன், கமிட் போடாமல்.

திரும்பி வருவதற்குள் அந்தக் கடையிலிருந்து ஐந்தாறு போன். சட்டையின் பெயர் வருகிறது, விலை வருகிறது, பில் மட்டும் சேவ் ஆகவில்லை. அதைக் கேட்டதுமே அண்ணனுக்குப் பிடிபட்டுவிட்டது. போஸ்ட்கிரெஸில் ஒருவர் எழுதுவது மற்றவர் படிப்பதைத் தடுக்காது. அதே வரிசையில் எழுத வருபவர்தான் காத்துக் கிடக்க வேண்டும். கையிருப்பு எண்ணிக்கையும் அதே டேபிளில் இருந்ததால், ஒவ்வொரு பில்லும் என் பூட்டின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஓடும் இணைப்புகளின் பட்டியலில், டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பதாக என் பெயர்.

அண்ணன் திட்டவில்லை. "கமிட் போடு. கடைக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு" என்றார். கடைக்காரர் திட்டினார். தீபாவளிக் கூட்டம் தொடங்கியிருந்த நேரம், திட்டாமல் என்ன செய்வார்?

சாயங்காலம் அண்ணன், டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் சர்வரே இணைப்பை அறுத்துவிடும்படி டைம்அவுட் வைத்தார். அந்த வசதி போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எங்களிடம் யாரும் போட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் அதில் முதலில் மாட்டியவர் அண்ணன்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இணைப்பு போயிருந்தது, எழுதியதெல்லாம் ரோல்பேக். ஒன்றும் பேசாமல் முதல் செலக்டிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.