காலிக் கட்டம்

அம்மாவுக்கு மறுநாள் முழங்கால் அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் நிரப்பிவைத்த படிவத்தை மகள் ஒருமுறை பார்த்தாள். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் சரியாக இருந்தன. 'மருந்து ஒவ்வாமை' என்ற கட்டம் மட்டும் காலி.

"ஏம்மா, இதைப் பத்தி யாரும் கேக்கலையா?"

"கேட்ட மாதிரி ஞாபகம் இல்லையேடி. எனக்குத்தான் சல்ஃபா மாத்திரை ஒத்துக்காதே!"

நர்ஸை அழைத்தாள். "காலியா இருந்துச்சா, ஒண்ணும் இல்லைனு நினைச்சுட்டேன்மா" என்றபடி அவர் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தார். அரை நிமிட வேலை. ஆனால், மகளுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கிளினிக்குகளுக்கான மென்பொருள் எழுதுவதுதான் அவள் வேலை. அதிலும் இதே கட்டம் உண்டு. அதை எழுதியவளும் அவள்தான்.

ஒரு நோயாளியின் விவரங்களைத் தனித்தனித் துண்டுகளாக வைத்தால் ஒருவர் பெயரும் இன்னொருவர் வயதும் கலந்துவிடும். அதனால் அஞ்சறைப் பெட்டி மாதிரி, எந்த அறையில் எது என்று முன்பே வகுத்து ஒரே பெட்டியாக வைப்பார்கள். நிரலாளர்கள் இதை 'ஸ்ட்ரக்ட்' என்பார்கள். அவள் எழுதும் ரஸ்ட் மொழியில் ஓர் அறையை மறந்தால்கூட கம்பைலர் விடாது. புரோகிராம் ஓடுவதற்கு முன்பே தவறு என்று சொல்லி நிறுத்திவிடும். வயது அறையில் பெயரைப் போட்டாலும் அப்படித்தான்.

ஆனால், ஒவ்வாமை அறையை 'ஏதோ சில எழுத்துகள்' என்று மட்டுமே அவள் வகுத்திருந்தாள். ஓர் எழுத்துகூட இல்லாவிட்டாலும் கம்பைலருக்கு அது சரிதான். ஒவ்வாமை இல்லையா, கேட்கவே இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் 'காலி'க்குப் பெரிய வரலாறு உண்டு. கொழும்பில் 1934-ல் பிறந்த ஆங்கிலேயர் டோனி ஹோர், கணினி அறிவியலின் பெரிய மேதைகளில் ஒருவர். 1980-ல் டூரிங் விருது பெற்றவர். 1965-ல் அல்கால் டபிள்யூ என்ற மொழிக்காக, இப்படிப்பட்ட பெட்டிகளைச் சுட்டிக்காட்டும் முறையை வடிவமைத்தார். எல்லாவற்றையும் கம்பைலரே சரிபார்க்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். ஆனாலும், 'எதையும் சுட்டாத' ஒரு வெற்றுக் குறியையும் உள்ளே விட்டார். காரணம், அதைச் செய்வது சுலபமாக இருந்தது. அதுதான் 'நல்'. பிறகு வந்த பல மொழிகளுக்கும் அது பரவி, எண்ணற்ற புரோகிராம்களைப் பாதியில் நிறுத்தியது. 2009-ல், 75 வயதில், லண்டன் மாநாட்டு மேடையில் அதைத் தன்னுடைய 'நூறு கோடி டாலர் தவறு' என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த மேதை செய்ததைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. சுலபமாக இருந்தது, விட்டுவிட்டாள்.

அம்மா வீடு திரும்பிய வாரமே மாற்றி எழுதினாள். இனி அந்த அறையில் மூன்றில் ஒன்றுதான் இருக்க முடியும்: 'இன்னும் கேட்கவில்லை', 'கேட்டாயிற்று, இல்லை', 'உண்டு, இன்ன மருந்து'. ரஸ்டில் இதற்குப் பெயர் 'ஈனம்'. அந்த அறையைத் திறந்து பார்க்கும் இடங்களிலெல்லாம் இந்த மூன்றுக்கும் பதில் எழுதச் சொல்லிக் கம்பைலர் நச்சரித்தது. அன்று மாலைவரை பிழைச் செய்திகள்தான். ஒவ்வொன்றும் முன்பு அவள் யோசிக்காமல் தாண்டிப்போன இடம்.

கடைசியில் பழைய பதிவுகள் மிஞ்சின. காலியாக இருந்தவற்றையெல்லாம் 'இல்லை' என்று மாற்றினால் வேலை முடிந்துவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் எல்லாவற்றையும் 'இன்னும் கேட்கவில்லை' என்றே மாற்றினாள்.

"அப்போ அத்தனை பேர்கிட்டயும் திரும்பக் கேக்கணுமேடி?" என்றாள், காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா.

"ஆமாம்மா. கேக்கணும்."