ட்ரிப் விழுந்தால் கேத்திலா குற்றவாளி?

வாடகை வீட்டில் கறண்ட் நின்றால் விசாரணை நடப்பதில்லை, நேரே தீர்ப்புத்தான். "பிள்ளையள், கேத்தில் போட்டனீங்களோ?" என்று வீட்டுக்கார அன்ரி கேட்கும்போதே எங்கள் ஆறு பேருக்கும் தண்டனை முடிவாகியிருக்கும். திருநெல்வேலியில் நாங்கள் இருக்கும் வீட்டில் கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டேயிருந்தது. அதுவும் அசைன்மென்ட் கொடுக்கவேண்டிய கிழமையில். மூன்றாம் நாள் கேத்திலுக்கும் அயனுக்கும் தடை வந்தது.

நாங்கள் கலைப்பீடம். ஓ.எல். விஞ்ஞானத்தோடு மின்னோட்டத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். என்றாலும் பெட்டியைக் கழற்றாமலே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில், எது விழுகிறது என்று பார்த்தோம். ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்னச் சுவிட்ச், அந்த லைனில் சுமை கூடினாலோ ஷோர்ட் ஆனாலோ விழும். அவை ஒன்றும் அசையவில்லை. விழுந்தது டெஸ்ட் பட்டன் உள்ள பெரியது. எத்தனை கேத்தில் போட்டோம் என்ற கணக்கு அதற்கு இல்லை. உயிர்க்கம்பியால் போகிற மின்னோட்டம் நொதுமல் கம்பியால் அப்படியே திரும்பி வருகிறதா என்பதுதான் அதன் ஒரே கவலை. வீடுகளில் வழக்கமாகப் பூட்டுவது 30 மில்லி அம்பியர் ட்ரிப். அவ்வளவு குறைந்தாலே, எங்கேயோ நிலத்துக்கு ஒழுகுது என்று விழுந்துவிடும்.

பழுதான கேத்திலும் ஒழுக்கும்தான். அதனால் அதையும் சந்தேக நபராகவே வைத்துக்கொண்டோம். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பகலில், ஈரமில்லாத கையும் காலில் செருப்புமாக, எல்லாப் பிளக்கையும் கழற்றி, சின்னச் சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கி, ட்ரிப்பை ஏற்றினோம். நின்றது. பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினோம். அறைகள் சரி, குசினி சரி. கேத்திலில் தண்ணி கொதிக்கவிட்டுத் தேத்தண்ணியும் குடித்தோம். கடைசி லைன் கிணற்றடிக்குப் போவது. ஏற்றின கையோடு ட்ரிப் விழுந்தது. மோட்டர் பிளக் அப்போதும் கழன்றுதான் கிடந்தது. அப்படியென்றால் பழுது மோட்டரில் இல்லை, வயரில்.

அன்ரி கூட்டிவந்த வயரிங் அண்ணையிடம் வேறு வைத்தியம் இருந்தது. "ட்ரிப்பை டிரெக்ட் பண்ணி விடுறன், பிறகு விழாது." உண்மைதான், விழாது. நாங்கள் நனைந்த காலோடு குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் விழாது. அதைவிடக் கூடின மின்னோட்டம் நெஞ்சுக்குள்ளால் போனால் இதயத் துடிப்பே குழம்பலாம் என்பதால்தான் அந்த 30. வாடகைக்கு இருப்பவர்கள் வாய் காட்டக்கூடாது என்ற எழுதாத சட்டத்தை அன்றைக்கு மீறினோம்.

"அண்ணை, கிணத்தடி லைனை மட்டும் ஒருக்காப் பாருங்கோ. பாக்க நேரமில்லையெண்டா அதை இறக்கியே வையுங்கோ. நாங்கள் வாளியால அள்ளிக் குளிக்கிறம்."

முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். குளியலறையின் பின்சுவரில், பைப்புக்கு வெளியே, டேப் சுற்றின ஒரு மூட்டு. டேப் விட்டுப்போய், மழைத்தண்ணி அதன் மேலால் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. மூட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்தார்.

இப்போது மாதத்துக்கு ஒருக்கா அந்த டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்க்கிறோம். அமத்தினால் விழவேண்டும், விழாவிட்டால் ட்ரிப்பே பழுது. கேத்தில் தடையை நீக்கியதாக அன்ரி இன்னும் வாயால் சொல்லவில்லை. நாங்களும் கேட்கப் போகவில்லை, பின்னேரத் தேத்தண்ணி மட்டும் நடக்கிறது.