அணி அணி அணி

ஆரணி என்றதும் பட்டுச் சேலை பற்றி விசாரிப்போர் உண்டு. அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் பணியாற்றுவதோ திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றை ஒட்டிய ஆரணி. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. நமக்கு வரவேண்டிய மடல் அங்கே சென்று திரும்பியதும் உண்டு. ஒரே சொல் இரு பொருள் தந்து மனிதரைத் திகைக்க வைக்கும் என்பதை இவ்வாறு பட்டறிந்த நாமே, அத்தகைய சொல் விளையாட்டொன்றால் ஓர் இளைஞரின் மனத்தைப் புண்படுத்தினோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்றுவரும் இளைஞர் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வந்தோம். அவர்களுள் ஒருவர் முதல் நாளே தம் நோக்கத்தைச் சொல்லிவிட்டார். "மெஷின் மேல எழுதியிருக்கிற எச்சரிக்கையை நானே படிக்கணும், ஃபாதர். எது கையை வெட்டும்னு தெரிய வேணாமா?"

ஒருநாள் வகுப்பைக் கலகலப்பாக்க எண்ணி, 'பஃபலோ' என்ற ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எட்டு முறை எழுதினோம். "இது பிழையற்ற வாக்கியம், படித்துப் பொருள் சொல்" என்று அவரை எழுப்பினோம். அவர் ஒரே சொல்லை எட்டு முறை படித்துவிட்டு விழித்தார். அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். மறுநாள் அவர் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை.

அவ்வாக்கியம் உண்மையிலேயே இலக்கணத்துக்கு உட்பட்டதுதான். அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் ராப்பபோர்ட், ஆண்டு 1972. 'பஃபலோ' என்பது அந்நாட்டில் ஒரு நகரின் பெயர், காட்டெருமைக்கும் பெயர், 'மிரட்டு' என்னும் வினையுமாகும். எனவே வாக்கியத்தின் பொருள் இது: பஃபலோ நகரத்து எருமைகளால் மிரட்டப்படும் பஃபலோ நகரத்து எருமைகள், தாமும் பஃபலோ நகரத்து எருமைகளை மிரட்டுகின்றன.

இப்பொருளை விளக்கும் முன்பே சிரித்துவிட்டோம். பின்னர்த் தனிமையில் எண்ணிப் பார்த்தபோது அது நம்மையே சுட்டியது. குருமடத்தில் முதலாண்டு, தமிழ்வழியில் படித்துவந்த நாம் ஓர் ஆங்கிலப் பத்தியைத் தடுமாறிப் படிக்க, வகுப்பே சிரித்தது. அன்றிரவு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். மிரட்டப்பட்டவர் மிரட்டுகிறார், அவ்வளவுதான் வாக்கியம்.

அவ்வாரம் எசாயா நூலின் 28-ஆம் அதிகாரத்தை வாசிக்க நேர்ந்தது. அங்கே 'சவ்', 'காவ்' என்னும் இரு சிறு எபிரேயச் சொற்கள் திரும்பத் திரும்ப அடுக்கி வரும். மதுவால் தள்ளாடும் குருக்களும் இறைவாக்கினரும், எசாயாவின் போதனையைக் குழந்தைப் பாடம் என்று ஏளனம் செய்த ஒலியே அது என்பர் விவிலிய அறிஞர் பலர். அடுத்த வசனத்தில், அயல்மொழியின் வாயிலாகவே இம்மக்களிடம் பேசப்போவதாக இறைவன் எச்சரிக்கிறார். ஏளனம் செய்தோர் குருக்கள் என்பதைப் பலமுறை படித்திருக்கிறோம். அன்றுதான் அது நெஞ்சில் தைத்தது.

ஞாயிறு மாலை அவரைத் தேடிச் சென்றோம். திடலில் தம் கபடி அணியினரோடு இருந்தார். செய்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கூசிப்போனார். பிறகு மெல்லச் சிரித்து, "நானும் ஒண்ணு கேக்கட்டுமா, ஃபாதர்? ஆரணி அணி அணி அணி எது?" என்றார்.

நாம் விழித்தோம். பக்கத்தில் நின்ற சிறுவன், "மஞ்ச பனியன்!" என்று கத்தினான்.

ஆரணி அணி, அதாவது ஆரணியின் குழு, அணி அணி, அதாவது அணிகின்ற அணி, எது? இரண்டாம் 'அணி' வினைத்தொகை. பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் நமக்குக் கைகொடுக்கவில்லை. நாள்தோறும் அந்தத் திடலில் நிற்கும் சிறுவனுக்கு இலக்கணமே தேவைப்படவில்லை.

இவ்வாறு ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்து வெவ்வேறு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் 'மடக்கு' என்று அணிகளுள் ஒன்றாக வைத்தது. இத்தாலியில் பிறந்து, 1730-இல் தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலைத் தந்த வீரமாமுனிவருக்கும் ஒரு காலத்தில் தமிழ் வெறும் ஒலியாகத்தான் இருந்திருக்கும். யாரோ ஒருவர் சிரிக்காமல், சொல்லைப் பிரித்துப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரை இப்போதெல்லாம் நன்றியோடு நினைக்கிறோம்.

அடுத்த நாள் வகுப்புக்கு அவர் வந்தார். தம் இயந்திரத்தின்மேல் உள்ள எச்சரிக்கையை ஒரு துண்டுத்தாளில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக் கொண்டுவந்திருந்தார். அன்றைய பாடம் அதுவே. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவர் வேகத்திலேயே படித்தோம்.