சன்னலோரம் வெளுத்த கல்

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வேட்டி, எனக்கு ஒரு கல். கோலாலம்பூரில் ஒரு கடையில் 180 ரிங்கிட் கொடுத்து வாங்கிய அமெதிஸ்ட். தமிழில் செவ்வந்திக்கல். உள்ளங்கை அளவுதான். ஆனால் பிளந்த பாறைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் சின்னச் சின்னக் கூர்முனைகள்.

"இதைப் போய் காசு கொடுத்தா வாங்குனே? தோட்டத்துல காலை இடிக்கிற கல்லுமா இது" என்றார் அப்பா. முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர்.

சிரம்பானில் எங்கள் தாமான் வீட்டின் சன்னல் ஒன்று கிழக்குப் பார்த்தது. காலை வெயில் பட்டால் கல் விளக்கு மாதிரி ஒளிரும். அதற்காகவே அங்கே வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து, தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும்போது அதைத் திருப்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் இருந்த பாதி அதே கத்தரிப்பூ. வெயில் பட்ட பாதி, பலமுறை துவைத்த துணிபோல் வெளுத்திருந்தது.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். செவ்வந்திக்கல் என்பது படிகக்கல்தான், அதாவது குவார்ட்ஸ். அதற்குள் மிகச் சிறிதளவு இரும்பு கலந்து, பூமிக்குள் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டுப்பட்டுத்தான் ஊதா நிறம் வருகிறது. அவ்வளவு காலம் இருட்டில் சேர்ந்த நிறத்தை வெயில் மெல்ல மெல்ல எடுத்துவிடும். போன நிறத்தை வீட்டில் மீட்க வழியில்லை.

இப்போது என்னிடம் ஒன்பது கற்கள் இருக்கின்றன. எல்லாம் கதவு போட்ட அலமாரியில், சன்னலுக்கு எதிர்ப்புறம். தூசி படிந்தால் காய்ந்த துணியால் தேய்ப்பதில்லை; தூசியில் இருக்கும் நுண்மணலும் படிகம்தான், பளபளப்பைக் கீறிவிடும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, குழந்தைகளின் மென்மையான பல்தூரிகை போதும். கொதிநீர் ஆகாது, திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். நம் ஊர் ஈரத்துக்கு, கழுவிய கல்லை மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

வாங்குவதிலும் கண் வேண்டும். ஊதாக் கண்ணாடியைக் கல்லென்று விற்பவர்கள் உண்டு. செவ்வந்திக்கல்லை உலையில் சுட்டால் மஞ்சளாகும். அதையே சிட்ரின் என்று விற்பதும் பரவலாக நடக்கிறது. ஆனால் சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது விலையோ நிறமோ அல்ல; 'எங்கே கிடைத்தது?' என்பதுதான். எந்த நாடு, எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்று எழுதிய துண்டுச்சீட்டு இல்லாவிட்டால் கல்லின் மதிப்பு பாதி போய்விடும். ஒருமுறை தொலைந்த சீட்டு, வெயிலில் போன நிறம் மாதிரி. என் முதல் கல்லுக்குக் கடைக்காரர் சொன்ன ஒரே முகவரி 'பிரேசில்'. அது எவ்வளவு பெரிய நாடு!

தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்றோர் ஊர். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் செவ்வந்திக்கல் மணிகளும், பாதி வேலையோடு நின்றுபோன மணிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பட்டறை இருந்தது என்று நாம் சொல்ல முடிவது எதனால்? எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில் எடுத்தார்கள் என்று எழுதி வைத்ததால்தான். அதே மணிகள் வெறுமனே ஒரு டப்பாவில் கிடைத்திருந்தால் ஊசிமணி பாசிமணியோடு சேர்ந்திருக்கும்.

இதை அப்பாவிடம் சொன்ன அன்று, அவர் எழுந்துபோய்ப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த வெள்ளைக் கல்லை எடுத்து வந்தார். தோட்டம் வீடமைப்புக்குப் போய், லயத்தைக் காலி செய்த நாளில் கொண்டுவந்ததாம். இத்தனை வருஷம் அதைக் கதவு முட்டாகத்தான் பார்த்திருந்தேன். கழுவிப் பார்த்தேன். படிகம்! சிரம்பானைச் சுற்றிய மலைகளின் கருங்கல்லுக்குள் நரம்பு மாதிரி ஓடும் வெள்ளைப் படிகம். செவ்வந்திக்கல்லுக்கு உடன்பிறப்பு, அந்த ஊதா நிறம்தான் இல்லை. அப்பா அன்று சொன்னது சரிதான்.

பென்சிலால் ஒரு சீட்டு எழுதினேன். பேனா மை மங்கிவிடும். தோட்டத்தின் பெயரை எழுதி நிறுத்தியதும் அப்பா எட்டிப் பார்த்தார்.

"அது போதாதுமா. மூணாவது டிவிஷன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால அல்லூரு. அதையும் எழுது."

எழுதினேன். அந்தக் கோயில் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. அல்லூருக்கு மேல் சாலை போகிறது. தோட்டத்தின் பெயர் ஒரு பேருந்து நிறுத்தத்தில்கூட இல்லை.

உங்கள் வீட்டிலும் தோட்டத்திலிருந்து வந்த பொருள் ஏதாவது இருக்கும். பால்வாளியோ, உளியோ, அம்மிக்கல்லோ. எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.