தொலைபேசியும் தீயும்

அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களிடம் முதல் நாளே சில காகிதங்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அதில் ஒன்று தொலைபேசியில் எப்படிப் பேச வேண்டும் என்பது. மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும், வணக்கம் சொல்லிப் பெயரைச் சொல்ல வேண்டும், ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறந்துவிடக் கூடாது, பேச்சு முடியாமல் பட்டென்று வைக்கக் கூடாது... இன்னொன்று தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது. லிஃப்டில் ஏறாதீர்கள், பையை எடுக்கத் திரும்பாதீர்கள் என்று போகும். பெரும்பாலானோர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்!

முதலாவது மரியாதைக்கு, இரண்டாவது உயிருக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகிப் போன ஒரு நாள் உண்டு.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் ஆஷ் கட்டிடம் என்ற பத்து மாடிக் கட்டிடத்தின் 8, 9, 10-வது மாடிகளில் டிரையாங்கிள் என்ற நிறுவனம் பெண்களுக்கான மேல்சட்டைகளைத் தயாரித்து வந்தது. மாலை 4.40 மணி இருக்கும், வேலை முடிந்து கிளம்பும் நேரம். 8-வது மாடியில் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளில் தீப்பிடித்தது. அங்கே கணக்கு எழுதும் பெண் உடனே 10-வது மாடிக்குத் தொலைபேசியில் சொன்னார். முதலாளிகளின் அலுவலகமும், தொலைபேசி இணைப்புப் பலகையும் அங்கேதான் இருந்தன. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் பேசுவதானாலும் அங்கிருப்பவர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். செய்தியைக் கேட்ட ஆபரேட்டர், முதலாளிகளிடம் சொல்வதற்காக ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். 9-வது மாடிக்கு இணைப்புக் கொடுக்க மறுமுனையில் ஆள் இல்லை.

10-வது மாடியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கூரைக்கு ஏறித் தப்பித்தார்கள். அந்த மாடியில் இறந்தவர் ஒருவர்தான். 9-வது மாடியில் இருந்த சுமார் 250 பேருக்கு யாருமே சொல்லவில்லை. அபாயச் சங்கும் கிடையாது. தீ நேரில் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணியோ 6-வது மாடி வரைதான் எட்டியது. மொத்தம் 146 பேர் இறந்தார்கள், அதில் 123 பேர் பெண்கள். பெரும்பாலானோர் 9-வது மாடிக்காரர்கள்.

அந்த ஆபரேட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தத் தொழிற்சாலையில் ஒரு தடவைகூடத் தீ ஒத்திகை நடந்ததில்லை. முதலாளிக்கு முதலில் சொல்வதுதான் மரியாதை என்று பழகியவர், அந்த நேரத்திலும் அதையே செய்தார். பூட்டிய கதவைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். ஆனால் தொங்கிக்கொண்டிருந்த அந்த ரிசீவரும் ஒரு பூட்டிய கதவுதான்.

இன்றைக்கு அறிவுரைக் காகிதங்களில் இருக்கும் சில வரிகளை இதை நினைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி தெரியும். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசும்போது முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், பிறகு எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று. அவர்கள் போதும் என்று சொல்லும்வரை, உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. புகை சூழ்ந்துவிட்டால் முதலில் வெளியே வாருங்கள், பேசுவதை வெளியிலிருந்து பேசிக்கொள்ளலாம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊரில் தீயணைப்புத் துறைக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112 என்பது பலருக்குத் தெரியும். ஆனால் பல அலுவலகத் தொலைபேசிகளில் வெளியே பேச முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டியிருக்கும். கை நடுங்கும் நேரத்தில் இது யாருக்கு ஞாபகம் வரும்? அமெரிக்காவில் இதற்காகவே 2018-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், புதிதாக வைக்கும் அலுவலகத் தொலைபேசிகளில் முன்னால் எந்த எண்ணும் அழுத்தாமல் 911 போக வேண்டும் என்று. இங்கே அதுவரைக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் "0 அழுத்திவிட்டு 101" என்று எழுதித் தொலைபேசியின் மேலேயே ஒட்டி வைக்கலாம். கூடவே அலுவலகத்தின் முழு முகவரியையும் எழுதிவிடுங்கள். தினமும் வந்து போகிறவர்களுக்கே கதவு எண் தெரிந்திருப்பதில்லை!