முறிகண்டி முதல் மெல்பேண் வரை

வன்னியை ஊடறுத்துச் செல்லும் கண்டி வீதியில் பிரயாணம் செய்தோர், முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நில்லாது சென்றிருத்தல் அரிது. பாரமேற்றிய லொறியாயினும், ஒற்றை மனிதர் ஓட்டும் மோட்டார் சைக்கிளாயினும் அவ்விடத்தில் சற்றே தரித்துத்தான் மேலே செல்லும். கர்ப்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்ட பின்னரே சாரதி தம் இருக்கையில் மீண்டும் அமருவார். நில்லாது போகும் வண்டிக்கு வழியில் இடர் வரும் என்பது இப்பகுதியாரின் நெடுநாள் நம்பிக்கை.

2024ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில், நாமும் அங்கே இறங்கினோம். எம் தாயாரின் கைப்பையில் ஒரு திருநீற்றுச் சரை இருந்தது. எம் சட்டைப்பையில் ஒரு கடனட்டை இருந்தது. நாற்பத்தைந்தாம் வயதில் நாம் முதன்முதலாகப் பெற்ற கடனட்டை அது. பிரயாணக் கட்டுரையில் கடனட்டைக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அந்த அட்டையின்றி அப்பிரயாணமே இல்லை என்பதுதான் விடை.

எம் தமக்கையார் போருக்குப் பின்னர் அவுஸ்திரேலியாவிற் குடியேறியவர். மெல்பேண் நகரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெண்டிகோவுக்கும் அப்பால், ஒரு சிற்றூரில் வாழ்கிறார். சத்திரசிகிச்சை ஒன்றின் பின் அவரால் கார் ஓட்ட இயலவில்லை. தாயாரோ முழங்கால் நோவினால் ரயிலேறி இறங்கவும் பஸ் மாறவும் மாட்டாதவர். பன்னிரண்டு ஆண்டுகளாக மகளைக் காணாத அவரை எவ்வாறேனும் அங்கே கொண்டு சேர்த்தல் வேண்டும். அங்கும் இங்குபோல் வீதியின் இடப்புறமாகவே வண்டி ஓட்டுகிறார்கள். ஆதலால், விமான நிலையத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிச் செல்வதெனத் துணிந்தோம். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பெறும் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிற் பெறுவதில் எமக்குச் சிரமம் இருக்கவில்லை. சிரமம் வேறிடத்தில் இருந்தது. வாடகை நிலையத்தார் காசாகப் பணம் ஏற்கமாட்டார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் கழிக்கும் அட்டையும் அவர்களுக்கு உகந்ததன்று. வண்டியை ஓட்டுபவரின் பெயரிலேயே ஒரு கடனட்டை இருத்தல் வேண்டுமென்று விதித்திருந்தார்கள்.

கடன் என்பது வன்னிக்குப் புதிய பண்டமன்று. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காலபோகம் விதைக்கும் கமக்காரர், அறுவடை மட்டும் கடைக்காரரின் கொப்பியில் எழுதுவித்தே அரிசியும் சீனியும் வாங்கிய காலத்தை நாம் கண்டிருக்கிறோம். கையொப்பமும் இல்லை, சாட்சியும் இல்லை, முகமே முறி. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், கிளிநொச்சி நகரில் வீதியின் இருமருங்கும் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் வரிசையாக எழுந்தன. நுண்கடன் கொடுப்போர் கிராமந்தோறும் வந்து சேர்ந்தனர். வாரத் தவணைக்கு அஞ்சிப் பெண்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்த கதைகள் பல. 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே முன்வந்து, வரட்சியால் நலிந்த மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தீர்க்க நேர்ந்தது. இவற்றையெல்லாம் அறிந்த எம் தாயார், 'கடன் இல்லாத வீடு' என்பதையே தம் பெருமையாகக் கொண்டிருந்தவர்.

அப்பெருமையே எமக்கு இடையூறாயிற்று. பதினெட்டாண்டுகளாக எம் சம்பளம் வைப்பிலிடப்பெறும் வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் எம்மிடம் படித்தவர். எம் விண்ணப்பத்தைக் கணினியிற் பார்த்துவிட்டுத் தயக்கத்துடன் சொன்னார்:

"சேர், நீங்கள் ஒரு நாளும் கடன் எடுக்கேல்லை. அதுதான் இப்ப பிரச்சினை."

1990ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அமைக்கப்பெற்ற கொடுகடன் தகவல் பணியகம் என ஒன்று கொழும்பில் உண்டு. கடன் பெற்றோர் அதனை ஒழுங்காகத் தீர்த்தனரா என்ற விபரத்தை வங்கிகள் அங்கிருந்தே அறிகின்றன. எம்மைப் பற்றி அங்கே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கடன் வாங்கித் தீர்த்தவரை நம்பலாம். வாங்காதவரை எதைக்கொண்டு நம்புவது என்பது வங்கியின் நியாயம். சம்பளமும் அவர்களுடைய கணக்குக்குப் போதவில்லை. ஈற்றில், மதில் கட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை அதே வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, அதன் பேரில் ஓர் அட்டை பெற்றோம். எம் சொந்தப் பணத்தைக் காட்டியே எமக்குக் கடன்பெறும் தகுதி உண்டாயிற்று.

இரவு உணவின்போது தாயாரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கேட்டார்:

"தம்பி, பிணைக்கு ஆரை விட்டிட்டுப் போறாய்?"

இக்கேள்வியின் பொருள் இக்கால மாணவர்க்கு விளங்காது. தொண்ணூறுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியை விட்டு வெளியே செல்வோர் 'பாஸ்' பெறுதல் வேண்டும். போகின்றவர் திரும்பி வருவார் என்பதற்கு ஊரில் ஒருவர் பிணை நிற்றல் வேண்டும். அதைத் தாண்டி வவுனியாவை அடைந்தால், மேலே தெற்கே போகப் படையினரின் அனுமதி வேறு வேண்டும். நாம் ஒரு நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்பு சென்றபோது எமக்குப் பிணை நின்றவர் எம் மாமா, தாயாரின் இளைய சகோதரர். கொழும்பில் இருந்த ஒவ்வொரு நாளும், உணவருந்தும்போதும் உறங்கும்போதும், அவருடைய முகமே எம் கண்முன் நின்றது. குறித்த தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே ஊர் திரும்பினோம். படலையடியில் நின்ற மாமா, "நாளைக்கு வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். 2009ஆம் ஆண்டின் இளவேனிலில், முள்ளிவாய்க்காலில் அவரை இழந்தோம்.

"இப்போது ஆள் வேண்டாம், அம்மா, அட்டை போதும்" என்றோம். தாயார் அதனை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இக்கால அட்டையின் தொடக்கமும் பிரயாணிகளையும் விருந்தினரையும் ஒட்டியதே. 1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் 'டைனர்ஸ் கிளப்' அட்டை தோன்றியது. உணவகங்களில் உண்டுவிட்டு மாத முடிவில் பணம் செலுத்த அது உதவிற்று. 1958ஆம் ஆண்டில் 'பாங்க் ஒவ் அமெரிக்கா', கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தார் சுமார் 60,000 பேருக்கு, கேளாமலே அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. கேட்டும் கிடையாது அலைந்த எமக்கு அவர்கள்மேற் சிறிது பொறாமையே உண்டாயிற்று.

மெல்பேண் விமான நிலையத்தில் வாடகை நிலையத்துப் பெண்மணி அட்டையை வாங்கி, ஓர் இயந்திரத்திற் செருகி, எம்மிடம் திருப்பித் தந்தார். வாடகைக்கு மேலாக, ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபா பெறுமதியான தொகையைப் 'பிணைத்தொகை' என மறித்து வைத்திருப்பதாகவும், வண்டி பழுதின்றித் திரும்பினால் சில நாட்களில் அது விடுவிக்கப்படும் என்றும் விளக்கினார். பணத்தை அவர்கள் எடுக்கவில்லை. எடுக்கும் உரிமையை மட்டும் கட்டி வைத்தார்கள். காசு கொடுப்பவர் காசோடு போய்விடுவார். அட்டைக்காரர் பின்னால் ஒரு வங்கி நிற்கிறது. தாயாரின் கேள்வி எத்துணைப் பொருத்தமானது என்பதை அப்போதே உணர்ந்தோம். பிணை முறை ஒழியவில்லை. பிணை நிற்பவருடைய முகந்தான் மறைந்துவிட்டது.

பெண்டிகோ செல்லும் நெடுவீதி எம் ஏ-9 வீதியினும் பன்மடங்கு அகலமானது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா சென்று திரும்பும் தூரமே அது. ஆயினும் இடையில் எவரும் எம்மை மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. 1851ஆம் ஆண்டிற் பொன் கண்டெடுக்கப்பெற்றதால் வளர்ந்த நகரம் பெண்டிகோ என்று தாயாருக்குச் சொன்னோம். "அப்ப இஞ்சை அடைவுகடை கனக்க இருக்கும்" என்றார் அவர். அன்று மாலை வாசலில் தமக்கையார் தாயாரின் கைகளைப் பிடித்தவர், நெடுநேரம் விடவில்லை. அக்காட்சியை எழுத எமக்குச் சொற்கள் போதா.

எம் அனுபவத்திற் கண்ட சிலவற்றை வாசகர்க்குச் சொல்லுதல் நலம். வண்டியைப் பெறும்போதே அதன் நாற்புறமும் படம்பிடித்துக் கொள்க. மறிக்கப்படும் தொகைக்கும் இடமிருக்குமாறு அட்டையின் எல்லையை முன்னரே கேட்டறிக. அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் காசு எடுத்தால் அன்றே வட்டி ஏறத் தொடங்கும். யாவற்றிலும் முக்கியமானது, கணக்குச் சீட்டில் 'ஆகக் குறைந்த கொடுப்பனவு' என்று கண்ட சிறு தொகையை நம்பி ஏமாறாமை. அதனை மட்டும் செலுத்துவோர்க்கு, மிகுதிப் பணத்தின்மேல் வட்டி மாதந்தோறும் குட்டி போடும். தவணைக்குள் முழுவதையும் செலுத்துவோர்க்கே, வாங்கிய பொருள்களின்மேல் வட்டி இல்லை.

நாம் ஊர் திரும்பி, தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே முழுக் கணக்கையும் தீர்த்தோம். மறிக்கப்பெற்ற பிணைத்தொகையும் விடுவிக்கப்பட்டதென்று கைப்பேசியில் ஒரு வரி வந்தது. "நாளைக்குக் கட்டியிருக்கலாமே" என்று சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

மறுநாள் தாயார் முறிகண்டிக்குப் போகவேண்டும் என்றார். போனோம். அவர் இரண்டு தேங்காய் வாங்கினார். ஒன்று நல்லபடியாகப் போய்வந்ததற்கு என்று சொல்லி உடைத்தார். மற்றது எதற்கென்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதனை எம் கையிலே தந்து, "நீ உடை" என்றார்.